கோமதி அத்தையின் லென்ஸ்களுக்கு ஒரு பாடி

அந்தப் பையைத் திறந்ததும் முதலில் வருவது பாச்சை உருண்டை வாசம். அதற்கடுத்து வெயிலில் கிடந்த தோலின் வாசம். மூக்கைச் சற்று நேரம் அங்கேயே வைத்திருந்தால், ஸ்டுடியோ இருட்டறையின் கதவைத் திறக்கும்போது வருமே ஒரு புளித்த மருந்து நெடி, அதுவும் இலேசாக வரும். உள்ளே பழைய ரவிக்கைத் துணிகளில் சுற்றி மூன்று லென்ஸ்கள் இருந்தன. ஒன்று குட்டை, ஒன்று நடுத்தரம், ஒன்று ஒரு சாண் நீளம். கேமராதான் இல்லை. நான் ஏழாம் வகுப்புப் படித்த அந்த வருடம் முழுவதும் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் நடந்த பேச்சு, மனத்தாங்கல், பஸ் பயணம் எல்லாமே அந்த இல்லாத கேமராவைச் சுற்றித்தான்.

கோமதி அத்தை என் அப்பாவின் தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் சிறிய ஸ்டுடியோ ஒன்று வைத்திருந்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டவள். மாமா வெளியே நின்று ஆட்களை நிமிர்ந்து உட்காரச் சொல்லிப் படம் எடுப்பார். உள்ளே ரோல் மாற்றுவது, கழுவுவது, பிரிண்டைக் கம்பியில் தொங்க விடுவது எல்லாம் அத்தை. மஞ்சள்காமாலையில் மாமா போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை, பிள்ளையும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அந்த வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து மாமாவின் சாமான்களைப் பாகம் பிரித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அதுதான் வேடிக்கை. எந்தப் பொருளையும் முழுசாக ஒருவருக்கே கொடுத்தால் மற்றவர் மனம் கோணும் என்று நினைக்கிற நியாயஸ்தர்கள். ஆகவே கேமராவில் மாட்டியிருந்த லென்ஸைத் திருகிக் கழற்றி, 'பெட்டி தம்பிக்கு, கண்ணாடியெல்லாம் மருமகளுக்கு' என்று முடித்துவிட்டார்கள். அம்மியை ஒருவருக்கும் குழவியை ஒருவருக்கும் கொடுத்த மாதிரி. உருப்படியை எண்ணிப் பார்த்த ஒருவர், அத்தைக்குத்தான் பங்கு கூடிவிட்டது என்றுகூடச் சொன்னாராம்.

எங்கள் வீட்டுக்கு வந்த அத்தையைத் தெரு நன்றாகத்தான் வைத்துக்கொண்டது. பூவிலிருந்து பலகாரம் வரை பகிர்ந்துகொள்கிற தெரு அது. ஆனால் ஒரு வீட்டில் வளைகாப்பு, காதுகுத்து என்றால் அம்மாவை வாசலில் நின்று அழைத்துவிட்டுப் போவார்கள். அத்தைக்கு மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறும் பாயசமும் வந்து சேரும். அன்போடுதான் கொடுத்தனுப்புவார்கள். அப்படி மூன்றாவதோ நான்காவதோ தூக்குச்சட்டி வந்த அன்று அத்தை அதைத் திறக்கவே இல்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்த அப்பாவிடம், தான் படம் எடுக்கப் போவதாகவும் அதற்கு ஒரு 'பாடி' வேண்டும் என்றும் சொன்னாள். சாப்பாட்டுக்கு இங்கே என்ன குறை என்று அப்பா கேட்டார்.

"சோறு என்னையத் தேடி வருதுண்ணே. நான்தான் எங்கயும் போக முடியல. இப்படியே விட்டா அடுப்படியிலயே இருந்து தேஞ்சு போவேன்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. நாலு பேர் நடுவில் நிற்க ஒரு காரணம். கேமரா கையில் இருந்தால் யாரும் 'நீ ஏன் இங்கே நிற்கிறாய்' என்று கேட்க மாட்டார்கள் என்று அவள் நினைத்தாள். எனக்கு அப்போது அது புரியவில்லை.

கைப்பேசியில் படம் எடுத்துப் பழகியவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கேமராவில் லென்ஸ் தனி, பின்னால் ஃபிலிம் ஓடுகிற பெட்டி தனி. அந்தப் பெட்டிதான் 'பாடி'. ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனி பாடியில் லென்ஸ் மாட்டுகிற 'வாயில்' பொருந்தாது. பெரும்பாலான கேமராக்களில் லென்ஸை வைத்து ஒரு கால் திருப்புத் திருப்பினால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். மாமாவின் லென்ஸ்களோ பழைய மாதிரி. பின்பக்கம் குழாயில் இருக்கிற மாதிரி 'மறை' வெட்டியிருக்கும், சுற்றிச் சுற்றி ஏற்ற வேண்டும். அந்த மறை உள்ள பாடி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் போதும். ஆனால் எங்கள் ஊர் ஸ்டுடியோக்களில் எல்லாரும் பூட்டு வாய்க்கு மாறிவிட்டிருந்தார்கள்.

நடுத்தர லென்ஸை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, பேச்சுத்துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு, அத்தை கடை கடையாக ஏறினாள். மாப்பிள்ளை பார்க்கப் போகிற வீட்டார் மாதிரி நல்ல சேலை கட்டிக்கொண்டுதான் போவாள். ஒரு ஸ்டுடியோக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுபவர். லென்ஸைத் தன் கேமராவின் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, 'காதம்மா', அதாவது ஆகாதம்மா, என்று மெதுவாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அதன்பிறகு எங்கள் வீட்டில் மூடி சேராத டப்பா, கால் நுழையாத செருப்பு எல்லாமே 'காதம்மா' ஆகிவிட்டது. ஆலங்குளத்தில் ஒருவரிடம் பழைய கேமரா இருப்பதாக யாரோ சொல்லி, சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் புழுதி தின்றுகொண்டு போனோம். அதுவும் காதம்மா.

அப்பா பஞ்சாலையில் ஃபிட்டர். 'லேத்துல குடுத்தா சேராதது எதுவும் கெடையாது' என்பது அவருடைய மதம். மில் ஊர்க்காரர்கள் எல்லாருக்குமே அந்த மதம்தான். ஒரு ஸ்டுடியோவில் விலைக்கு வந்த பூட்டு வாய்ப் பாடி ஒன்றை இரவலாக வாங்கி வந்தார். தெரிந்த லேத்துப் பட்டறையில் பித்தளையில் ஒரு வளையம் கடையச் சொன்னார். ஒரு பக்கம் பூட்டு, மறுபக்கம் மறை. நகை மாதிரி மின்னியது. லென்ஸ் வளையத்தில் ஏறியது, வளையம் பாடியில் பூட்டியது. அத்தை என்னைக் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்திப் பார்த்தாள். என் புருவ மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது என்றாள். அம்மா கேசரி கிண்டினாள்.

பிறகு அத்தை மொட்டை மாடிக்குப் போனாள். எங்கள் ஊரில் மேற்கே எந்த மாடியில் ஏறினாலும் மலை தெரியும். லென்ஸை எவ்வளவு திருப்பியும் மலை தெளியவில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, தென்னை, மலை எல்லாம் பஞ்சு பஞ்சாக இருந்தன. வளையத்தின் தடிமன் லென்ஸைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்துவிட்டது. அதனால் கிட்டத்தில் இருப்பது மட்டும் தெரிகிறது, எட்ட இருப்பது தெரியவில்லை. அந்தத் தடிமன் இல்லாமல் வளையமே செய்ய முடியாது. அப்பா வாங்கிப் பார்த்தார், கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"மொகம் மட்டும் எடுத்தா போதாதா தாயி?" என்றார்.

"ஒரு ஆளை எடுக்கலாம்ணே. கூட்டத்தை எடுக்க முடியாது" என்றாள் அத்தை.

பாடி திரும்பிப் போயிற்று. பித்தளை வளையத்தை அப்பா ரொம்ப நாள் சாவிக்கொத்தில் கோத்து வைத்திருந்தார்.

கடைசியில் பொருந்தியது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். சர்ச் தெருவில் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவரிடம் மறை வாய்க் கேமரா இருந்தது. அவருடைய லென்ஸுக்குள் பூசணம் படர்ந்துவிட்டதால் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. லென்ஸ் கெட்ட பாடி அவருக்கு எதற்கு? ஆனாலும் மகள் வாங்கிக் கொடுத்தது, அவளைக் கேட்காமல் தர மாட்டேன் என்றார். படம் எடுக்கத் தெரியுமா என்று சந்தேகமாக ஒரு பார்வை. அத்தை பின்மூடியைத் திறந்தாள். பாடியை வானத்துக்கு நேரே பிடித்து உள்ளே இருந்த கறுப்புத் திரையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். அந்தத் திரை ஓடும் ஒவ்வொரு வேகத்துக்கும் மாற்றி மாற்றிப் பொத்தானை அமுக்கி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். வெளிச்சம் காட்டும் ஊசி மட்டும் அசையவில்லை. அது செத்துப்போய்விட்டது என்று மாஸ்டர் ஒப்புக்கொண்டார்.

"பரவால்ல சார். எங்க வீட்டு ஆளும் ஊசியப் பாத்ததில்ல. நெழலப் பாத்துத்தான் எடுப்பாவ" என்றாள் அத்தை.

லென்ஸைத் திருகினாள். தடங்கலே இல்லாமல் ஏறி, கடைசிச் சுற்றில் தானாகவே நின்றது. லென்ஸில் இருந்த சிவப்புப் புள்ளி நேர் உச்சியில் வந்திருந்தது. மாஸ்டர் வீட்டு மாடியிலிருந்து கோபுரத்தைப் பார்த்தோம். என்னையும் பார்க்கச் சொன்னாள். மேல்நிலையில் ஒரு புறா கழுத்தைத் திருப்புவது தெரிந்தது. மகளுக்குத் தகவல் சொல்லிவிட்டு அடுத்த வாரம் வரச் சொன்னார் மாஸ்டர்.

அந்த வாரத்துக்குள் அத்தையின் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தது மாமாவின் பாடி. பெட்டியைப் பங்காக வாங்கிய தம்பியும் அதற்கு லென்ஸ் கேட்டு அத்தனை நாளும் கடை கடையாக ஏறியிருக்கிறார்! மறை லென்ஸ் எளிதில் அகப்படவில்லை. அகப்பட்ட ஒன்றிரண்டும் அவர் கைக்கு எட்டுகிற விலையில் இல்லை. ஒதுக்கிவிட்டதுபோலக் கொடுத்த கண்ணாடிகள்தான் கேமராவில் பாதிக்கு மேல் என்று அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தம்மாவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மகனைப் பறிகொடுத்தவர், மருமகள் மேல் பாசமும் உண்டு. அத்தை திரும்பி வந்து அந்த வீட்டிலேயே இருக்கலாம், ஸ்டுடியோவை மறுபடி திறக்கலாம், கொழுந்தன் படம் எடுப்பான், அவள் வழக்கம்போல உள்ளே இருந்து கழுவிக் கொடுக்கலாம் என்றார். அத்தை துண்டைப் பிரித்தாள். கட்டைவிரல் படும் இடத்தில் கறுப்புப் பெயிண்ட் தேய்ந்து பித்தளை தெரிந்தது. மாமாவின் விரல் தேய்த்த இடம். அதன் மேல் தன் விரலை வைத்துக்கொண்டு அத்தை அழுதாள், மாமியாரும் அழுதார், சமையலறையில் அம்மாவும் அழுதாள். இனி ஊர் ஊராக அலைய வேண்டாம், இதைவிடப் பொருத்தமான பாடி உலகத்தில் கிடையாது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். விசேஷ வீடுகளுக்குத் தானே போய்ப் படம் எடுக்கலாமா?

"நீ எப்படித்தா போவ? இப்படி ஆன பொறவு நல்லது நடக்குற எடத்துல முன்னால போய் நிக்க முடியுமா? ஒனக்கு உள்ள ஒரு எடம் எப்பவும் உண்டு."

உள்ளே ஒரு இடம். அதைக் கொடுக்கத்தான் அந்தம்மா மெனக்கெட்டுப் பஸ் ஏறி வந்திருந்தார். அத்தை பையிலிருந்து லென்ஸை எடுத்துப் பாடியில் ஏற்றினாள்; கண்ணில் வைத்து மாமியாரைப் பார்த்தாள்; ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். பிறகு நிதானமாகக் கழற்றி, பாடியைத் துண்டில் பழையபடி சுற்றி அவர் மடியில் வைத்தாள்.

"அவிய கைபட்டதுன்னு எனக்கும் ஆசையாத்தான் இருக்கு அத்தை. ஆனா இத வாங்குனா நான் உள்ளயே இருக்கணும். எனக்கு ஊசி செத்த பாடி போதும்."

மாமியார் மருமகளின் தலையை ஒரு தடவை தடவிவிட்டுப் பஸ் ஏறினார். அன்று இரவு அத்தை சாப்பிடவில்லை. அடுத்த வாரம், மாஸ்டரின் மகளும் சரி என்றதும், விலையாகத் தன் கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மாஸ்டர் வீட்டுப் பாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள்.

முதலில் ரேஷன் கார்டுப் படம், பள்ளிக்கூடப் படம். பிறகு எங்கள் தெருவில் ஒரு பெண் பெரியவளானபோது, சடங்குக்குக் கட்டிய ஓலைக் குடிசைக்குள் இருக்கிற பிள்ளையை ஆம்பளை எடுப்பது சங்கடமாக இருக்கிறது என்று அவள் தாய் அத்தையைக் கொல்லைப்புறம் வழியாகக் கூப்பிட்டாள். போனாள். கொல்லை வாசல் எப்போது தலைவாசல் ஆனது என்று யாருக்கும் நினைவில்லை. ராஜபாளையத்திலிருந்து சோழபுரம் வரை சடங்கு வீட்டுப் பெண்கள் 'கேமராக்காரக்கா'வைத்தான் கேட்டார்கள். ஆனால் கையில் கேமரா இருந்தவரைதான் அந்த அழைப்பு. பந்தியில் உட்கார், நலுங்கு வை என்று யாரும் சொன்னதில்லை; அவளும் எதிர்பார்த்ததில்லை.

இன்று நாங்கள் ஏறி இறங்கிய ஸ்டுடியோக்களில் கைப்பேசிக் கடையும் ஜெராக்ஸ் கடையும் இருக்கின்றன. ரோல் கிடைப்பதில்லை. எந்த லென்ஸ் எந்த வாயில் சேரும் என்று கேட்பாரும் இல்லை. அத்தை படம் எடுப்பதை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. ஆனால் போன மாதம், அன்று குடிசைக்குள் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் மகளுக்குச் சடங்கு. மண்டபம் வைத்துச் செய்தார்கள். அத்தைக்கும் பத்திரிகை வந்திருந்தது. கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முதல் நலுங்கு யார் வைப்பது என்று மேடையில் பேச்சு நடந்தபோது, பெண்ணின் தாய் கீழே இறங்கி வந்து அத்தையின் கையைப் பிடித்தாள். மேடையிலிருந்த ஒரு பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"எனக்கு இது நடந்தப்ப எல்லாரும் என்னைய வேடிக்க பாத்தாக. அழுகாதட்டின்னு எங்கிட்ட ஒக்காந்து பேசுனது இவிய ஒரு ஆளுதான். மொத நலுங்கு இவிய வைக்கட்டும்" என்றாள் அவள்.

அத்தை மேடை ஏறினாள். சந்தனத்தைத் தொட்டு அந்தப் பிள்ளையின் இரண்டு கன்னத்திலும் பூசினாள். எதிரே நின்ற கேமராக்காரப் பையன், "பாட்டி, செத்த இங்க பாருங்க" என்றான். அத்தைக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அவள் அந்தப் பக்கம் நின்றதே இல்லை.