தட்டில் கொட்டிய மாத்திரைகள்

பொறியியல் முடித்துவிட்டுச் சமூகப் பணி படிக்க வந்தவள் நான். எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வேன். கொச்சியின் மட்டாஞ்சேரியில் களப்பணிக்குப் போனபோதும் கையில் பதினான்கு கேள்விகள் இருந்தன. தமிழ் பேசுகிறவள் என்பதால், அரிசிக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்ந்த ராவுத்தர் ஒருவரை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். தனியாக இருந்தார். அவர் மாத்திரைகளைச் சரியாகப் போடவில்லை என்று என் அறிக்கை சொன்னால், மகன் ஞாயிற்றுக்கிழமை வந்து பாலக்காட்டுக்கு அழைத்துப் போய்விடுவார். மாமா என்றுதான் அவரைக் கூப்பிட்டேன்; அவருக்குப் போக மனமில்லை.

சோதனை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று, இரண்டு வகையிலும் நாலைந்து மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து வெள்ளைத் தட்டில் கொட்டினேன். காலை மாத்திரை இளமஞ்சள், இரவு மாத்திரை வெள்ளை.

"காலைல போடறது எது மாமா?"

இரண்டு முறை கேட்டேன்; இரண்டு முறையும் வெள்ளையை எடுத்தார். 'தானாக எடுத்துக்கொள்ள இயலவில்லை' என்று எழுதிவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, எர்ணாகுளத்தில் கல்லூரியில் முதுமைப் பயிற்சி; வயதானவர்களின் சிரமத்தை நாங்களே உணர்ந்து பார்ப்பதற்கு. மஞ்சள் தாள் ஒட்டிய கண்ணாடி, இரண்டு ஜோடி கையுறை, முழங்காலில் இறுகக் கட்டிய துணி என்று எனக்கு மாட்டிவிட்டார்கள். ஆசிரியை என் முன்னால் மாத்திரைகளை வைத்தார். எல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தன. மூன்று முறையில் இரண்டு தவறு.

முந்தின நாள் நடந்ததை அறிந்த தோழி சிரித்தாள். "உன்னையும் பாலக்காட்டுக்கு அனுப்பிடலாமாடி?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிவம் பையில் இருந்தது. சனிக்கிழமை மாலைக்குள் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை முதல் படகில் மட்டாஞ்சேரிக்குப் போனேன்.

"மறுபடியும் பரீட்சையா மோளே?"

"இல்ல மாமா. தினமும் எப்படி எடுப்பீங்களோ அப்படியே எடுங்க."

தகர டப்பாவுக்குள் கைவிட்டு, பார்க்காமலே ஓர் அட்டையை எடுத்தார். அதில் ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது.

"ரப்பர் போட்டது காலைக்கு. போடாதது ராத்திரிக்கு. நீதானே அன்னிக்கு எல்லாத்தையும் பொரிகடலை மாதிரி தட்டுல கொட்டுனே? புள்ள கேக்குதேன்னு ஏதோ ஒண்ண எடுத்தேன்."

மருந்துக் கடைச் சீட்டின் தேதியோடு அட்டைகளில் மீதியிருந்ததை, அன்று நான் பிரித்தவற்றையும் சேர்த்து, ஒப்பிட்டேன். ஒன்றுகூடக் குறையவில்லை, மிஞ்சவுமில்லை. பழைய வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 'தானே எடுத்துக்கொள்கிறார். அட்டையிலிருந்து பிரித்து வைக்கக் கூடாது. கண் பரிசோதனை தேவை.'

"பாஸா?"

"பாஸ், மாமா."

உடனே மகனுக்குப் போன் போட்டார். "நாளைக்கு வா, பிரியாணி வைக்கறேன். எனக்குன்னு பெட்டி ஒண்ணும் கொண்டு வராத."

பிறகு எனக்குச் சாயா போட்டுத் தந்தார். சர்க்கரை கூடுதல். முழுவதையும் குடித்த பிறகுதான், முந்தின இரவிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.