அண்ணனுக்கு நான் பூட்டிய கல்யாண நடை

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்ட வருஷம், நான் தக்கலைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அதாவது, பிள்ளைகள் தூங்குவதற்கு வசதியாகப் பேசிக்கொண்டிருந்தேன். அண்ணன் ரப்பர் பால் வெட்டுகிறவர். மழைக்காலம் முடிவதற்குள் எழுந்து வராவிட்டால் அவருடைய மரங்களை வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாகத் தோட்ட முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் விடுவேனா? இடுப்பிலும் தொடையிலும் கட்டிக்கொள்ளும் மோட்டார் ஒன்றைச் செய்தேன். அது எந்த நொடியில், எவ்வளவு விசையில் காலைத் தூக்கிவிட வேண்டும் என்று அண்ணன்மேலேயே சோதித்துப் பார்த்தால் மைனி, அதாவது அண்ணி, என்னை வெட்டிவிடுவார். ஆகவே அண்ணனின் எடையிலும் உயரத்திலும் கணினிக்குள் ஒரு குச்சி மனிதனை உண்டாக்கி, அவனைத் தினமும் நூறு தடவை விழவைத்தேன். அவன் பார்த்துப் பழக அண்ணனின் பழைய நடை வேண்டும். வீட்டில் இருந்தது என் கல்யாண வீடியோ ஒன்றுதான். அதில் அண்ணன் வெள்ளை வேட்டியில் மாலைத் தட்டை ஏந்தி, வீடியோக்காரர் சொன்னபடி பையப் பைய வருகிறார். அதையே அளந்து ஊட்டினேன். ஒரு வாரத்தில் குச்சி மனிதன் விழாமல் நடந்தான். மைனிக்குப் பழம்பொரி வாங்கிக்கொண்டு ஓடினேன்.

அந்த நடையை மோட்டாரில் ஏற்றி, தோட்டத்தில் வைத்து அண்ணனுக்குப் பூட்டினேன். நாலு எட்டு அழகாகப் போனார். ஐந்தாவது எட்டில் மரம் வந்தது. பால் வெட்ட அண்ணன் நின்றார், மோட்டார் நிற்கவில்லை. கல்யாண ஊர்வலத்தில் மரத்துக்கு மரம் யார் நிற்கிறார்கள்? மூக்கு போய்ப் பட்டையில் மோதியது.

“லேய் மக்கா, இது என்னைய எங்கல கூட்டிட்டுப் போவுது? பொண்ணு வீட்டுக்கா?”

“ரெண்டு வாரம் தா அண்ணா, சரியாக்கிருவேன்.”

“எத? எனக்க மூக்கையா?”

பிறகு அளவுக் கருவிகளை என் காலிலேயே கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் நின்று, குனிந்து, சரிவில் நடந்தேன். இரண்டு முறை உருண்டேன். வெட்டுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். குச்சி மனிதன் மரத்தடியில் நிற்கப் பழகியபோது மழைக்காலம் ஓய்ந்திருந்தது. அதற்குள் கிடந்த கிடையில் அண்ணனுடைய முட்டு இறுகிப்போயிருந்தது. மோட்டார் இழுத்ததும் பல்லைக் கடித்தார். தானே வாரை அவிழ்த்தார்.

“போதும் மக்கா. வலிக்கி.”

அடுத்த வாரம், அண்ணனின் மரங்களை எடுத்துக்கொண்ட புதிய வெட்டுக்காரர் அண்ணனின் பால்வெட்டுக் கத்தியைக் கேட்டு வாசலில் நின்றார். அண்ணன் கட்டிலிலிருந்து தலையசைத்தார். எடுத்துக் கொடுக்க நான்தான் போனேன். நடக்கிற கால் உள்ள ஆண்பிள்ளை வீட்டில் நான் ஒருவன்தானே.