மூணு கிலோ மிளகுக்கு ஒரு குட்டிப் பாட்டில் பசை

மிளகு நெடியும் இமைப் பசையின் நெடியும் ஒன்றாகச் சேர்ந்து உங்கள் மூக்கில் ஏறியிருக்கிறதா? எனக்கு ஏறியிருக்கிறது. இரண்டு வருடம் ஆகப்போகிறது... இன்னும் முழுசாக இறங்கவில்லை.

அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தேன். மலை மேல் எங்கள் வாழவந்தி நாட்டில் யார் வீட்டுச் செருப்பு மரத்தில் தொங்கினாலும் முதலில் என்னைத்தான் தேடுவார்கள். அப்பேர்ப்பட்ட நான் ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "அப்பா, கண்ணு இமையில முடி ஒட்டற வேலை படிக்கப் போறனுங்க" என்றேன்.

"சரி கண்ணு. அடுத்தது மூக்குலயா?" என்று சிரித்தார்.

சேலத்தில் கேட்ட ஃபீஸைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. எதையும் மிளகாக மாற்றிப் பார்த்தால்தான் அப்பாவுக்கு விலை உறைக்கும். இருபத்தைந்தாயிரம்...

"நாப்பது கிலோ மொளகு!"

மறுநாள் விடிந்ததும் விற்பதற்கு மிளகு மூட்டையைக் கட்டினார். "இது நிக்கலீன்னா திருப்பூர் பனியன் கம்பெனிதான் சாமி. அப்பறம் அழுவக்கூடாது."

ஃபீஸோடு செலவு முடிந்தது என்று நினைத்த என்னை என்ன சொல்ல! இடுக்கிக்குத் தனி. முடித் தட்டுக்குத் தனி. விளக்குக்குத் தனி. பழகுவதற்கு ஒரு ரப்பர் தலை, அதற்கும் தனி. கடைசியில் பசை... சுண்டுவிரல் உயரப் பாட்டில், இரண்டாயிரம் ரூபாய். அதையும் திறந்தால் ஒரு மாதம் தாங்குவதே பெரிசாம்.

போனில் அப்பா கத்தினார். "இத்தனூண்டு பசைக்கு மூணு கிலோ மொளகா? மொளகு வருசக்கணக்குல கெடாது கண்ணு! வெளையாடறயா?"

வாழ்க்கையிலேயே முதல்முறையாக நான் விளையாடவில்லை. அன்றைக்குப் பார்த்து யாருமே நம்பவில்லை.

படிப்பு முடிந்து, ரப்பர் தலையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலையேறினேன். கண்டக்டர் அண்ணன் துண்டை விலக்கிப் பார்த்துப் பதறிப் போனார்.

"ஏம்புள்ள, யாரு இது?"

"அரை டிக்கெட் போடுங்கண்ணா. ஒடம்பு வரல."

என் வாய் அதோடு அடங்கியது. வீட்டில் ஒரு சொட்டுப் பசையை வைத்துவிட்டு முடியை எடுத்துத் தொடுவதற்குள் பசை கல்லாகிவிட்டது. இன்னொரு சொட்டு... அதுவும் கல். சேலத்தில் சொல்லிக்கொடுத்த அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஈரக்காத்துல சட்டுனு எறுகிரும்டா. ரூம்ல ஏசி இருக்குல்ல?"

"அக்கா, எங்க ஊரையே ஏசி போட்டுத்தான் படச்சிருக்குது."

எங்கள் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து, கட்டிலில் உட்கார்ந்து, டீ கேட்காத குறை. காற்றின் ஈரத்தை உறிஞ்ச ஒரு மெஷின் இருக்கிறது என்றார் அக்கா. விலையைக் கேட்டு போனை வைத்துவிட்டேன். அதை மிளகில் சொன்னால் அப்பா கொடியோடு சாய்ந்துவிடுவார்.

வாங்கி வந்த இரண்டில் முதல் பாட்டில் கெட்டுப்போனது. மிச்சம் இன்னொன்றுதான்.

எங்கள் வீட்டில் ஈரம் எட்டாத இடம் ஒன்றே ஒன்று... மிளகு அறை. பூஞ்சை பிடிக்காமல் இருக்க அப்பா அங்கே கங்குச் சட்டி வைத்துக் காயவிடுவார். சட்டியை வெளியே எடுத்துவிட்டு மூட்டைகளுக்கு நடுவே கட்டிலைப் போட்டேன். நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் கஸ்டமர், தேவனூர் நாட்டிலிருந்து வந்த புவனா. என்னோடு படித்தவள். மறுநாள் அவளுக்கு நிச்சயம். அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் நாலு பேர் வருவார்கள். வராவிட்டால், பனியன் கம்பெனி.

இடது கண் பிரமாதமாக முடிந்தது. வலது கண்ணில் பாதி ஒட்டியிருப்பேன்... கதவுக்கு வெளியே சளக் சளக் என்று ஒரு சத்தம். வியாபாரி வருவதாகச் சொல்லியிருந்ததால், அப்பா முறத்தை எடுத்து மிளகு புடைக்க ஆரம்பித்திருக்கிறார்! தூசி கதவிடுக்கு வழியாக உள்ளே நுழைந்தது.

"ஏய்... வருதுடி..."

"வர உடாத!"

வந்துவிட்டது. நல்லவேளையாக இடுக்கியை விலக்கிவிட்டேன். அவள் போட்ட தும்மலில் கட்டில் ஆடியது. பக்கத்து ஸ்டூலில் இருந்த பாட்டில் மூட்டை மேல் சாய்ந்து, பசை மொத்தமும் மிளகில்!

புவனா எழுந்து கண்ணாடியைப் பார்த்தாள். ஒரு கண் கல்யாணப் பொண்ணு. இன்னொரு கண் காலையில் எழுந்த பொண்ணு.

"இது உன்ற பிராங்குன்னா இப்பவே சொல்லீரு. சத்தியமா அடிக்க மாட்டேன்" என்றாள். நான் காலிப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன்.

அப்பா முறத்தோடு வாசலில் நின்றார். அவள் கண்ணைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். திருப்பூர் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்தப் பசை இப்ப எங்க கெடைக்கும்?" என்றார்.

சேலத்து அக்கா ஒரு பாட்டிலை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். அதை வாங்க மூன்று பேரும் மலையிறங்கினோம். வளைவுக்கு வளைவு புவனா துப்பட்டாவால் ஒரு கண்ணை மூடியபடி என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். அப்பா வழிநெடுக மூணு கிலோ என்ற பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி.

அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் அவருக்குத் தெரிந்த மிளகு வியாபாரியின் கடை மாடியில் பாயை விரித்தோம். காய்ந்த காற்று. சொட்டை வைத்தேன்... கல்லாகவில்லை! அது எனக்காகக் காத்திருந்தது. வலது கண் இடதை விட அழகாக வந்தது. நிச்சயப் போட்டோவில் புவனாவின் கண்ணைத் தவிர யாரும் எதையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளை உட்பட.

இப்போது அதே மாடிதான் என் கடை. சாய்வுக் கட்டில், வட்ட விளக்கு, இரண்டு பூட்டுப் போட்ட பசை டப்பா. தினமும் முதல் பஸ்ஸில் இறங்குகிறேன். செருப்பு தொங்கவிட நேரமில்லை. பசை விலை ஏறிவிட்டது, அப்பாவிடம் சொல்லவில்லை.

போன வாரம் ஒரு கஸ்டமர் கண்ணை மூடிப் படுத்தபடியே தும்மினாள். நான் இடுக்கியை விலக்கிவிட்டு, "அப்பா, பொடைக்காதீங்க!" என்று கத்திவிட்டேன்.

கதவுக்கு வெளியே யாரும் இல்லை. அவர் மலை மேல் இருக்கிறார்... முறத்தோடு.