செய்திக்கு அடியில் எழுதிய பெயர்

கருவடிக்குப்பம் ஜெய்னுலாபுதீனுக்கு இருபத்தாறு வருஷமா ஒரே பேப்பர், ஒரே நாற்காலி. எந்தச் செய்தி எழுதினாலும் கடைசியில ஒரு வரி சேர்ப்பாரு: தகவல் சொன்னவர் பெயர், தெரு, போன் நம்பர், பக்கத்துல ‘அச்சுக்கு அல்ல’. ஆசிரியர் விசாரிச்சுச் சரிபார்க்கணுமே! பழைய முதலாளி போட்ட ஏற்பாடு அது. அந்த வரி ஒருநாளும் ஆசிரியர் மேஜையைத் தாண்டினதில்லை.

போன வருஷம் பேப்பர் கை மாறிச்சு. புது முதலாளி இனியவன், பெரிய காண்ட்ராக்டர். அதுவரைக்கும் ஊழல், ஊழல்னு தொண்டை கிழியக் கத்தின பேப்பர், ஒரே வாரத்துல வளர்ச்சி, வளர்ச்சின்னு ஜால்ரா தட்டிச்சு. வெக்கங்கெட்ட பொழப்பு! ஜெய்னுலாபுதீனும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தாரு.

லஞ்சப் புகார் குடுக்கறவங்க பெயரை ரகசியமா வைக்க சட்டத்தைத் திருத்தணும்னு அப்ப பேச்சு கெளம்பிச்சு. மனுஷனுக்கு உற்சாகம் தாங்கல. குருசுக்குப்பத்து மீனவர் ஒருத்தர், கடலரிப்பைத் தடுக்கக் கடலோரத்துல நூறு லாரி கல்லுன்னு சொல்லிட்டு நாப்பதுதான் கொட்டினாங்கன்னு புகார் குடுத்துட்டு, பயந்து கிடக்கறதை உதாரணமா வெச்சுக் கட்டுரை எழுதினாரு. கட்டுரையில பெயர் இல்ல. ஆனா, கைப்பழக்கம், அடியில எழுதிட்டாரு: காத்தவராயன். தெரு. போன் நம்பர். அட, என்ன மனுஷனய்யா நீ!

மறுநாள் காலையில பேப்பரைப் பிரிச்சாரு. ‘வளர்ச்சியை முடக்க முகமூடிப் புகார்களா?’ன்னு கொட்டை எழுத்து. கீழே இவர் பெயர். உள்ளே இவர் எழுதினது ஒரு வரிகூட இல்ல. நேரா ஆபீசுக்கு ஓடினாரு.

ஆசிரியர் ஜோசப் ஆனந்த் தலையைத் தூக்கல. “அந்தக் கல்லு வேலை யாரோடதுன்னு நெனச்சீங்க பாய்? பேருதான் வேற. எல்லாம் முதலாளி மச்சானோடது. உங்க கட்டுரையை முதலாளி நேத்தே கேட்டு வாங்கிப் படிச்சிட்டாரு.”

“கடைசி வரியோடவா?”

“முழுசா கேட்டாரு. முழுசா குடுத்தேன்.”

ஜெய்னுலாபுதீன் காத்தவராயனைக் கூப்பிட போனை எடுத்தாரு. அதுக்குள்ள அவரே கூப்பிட்டாரு.

“பாய், நீங்க அனுப்புன ரெண்டு பேரும் வந்துட்டாங்க. பேப்பர் ஆபீசுன்னாங்க, உள்ள உக்கார வெச்சிருக்கேன். புகார் காயிதத்தையெல்லாம் எடுத்துக் குடுத்துடட்டுமா?”

“நான் யாரையும் அனுப்பல! வெளிய வந்துடுங்க, ஒடனே வெளிய...”

போன் வேற கைக்கு மாறிடிச்சு. மரியாதையான குரல்.

“நீங்க ஆபீஸ் வேலையைப் பாருங்க பாய். இனிமே நாங்க பேசிக்கறோம்.”