பாசிச் சுவரும் குளோரின் மணமும்

சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பத் தொடங்கிய காலத்தில், மன்னார்த் தீவில் வீட்டுச் சுவர் கழுவுவதுதான் எங்கள் பிழைப்பு. முதுகு நோவால் கடலுக்குப் போவதை விட்ட என் கணவர், தண்ணீர் பீச்சும் மெசின் ஒன்றை வாங்கியிருந்தார். கழுவுவது அவர். வீட்டுக்காரருக்குப் பதில் சொல்வது நான்.

பாசி போகக் குளோரின் அடிக்க வேண்டும் என்றதும் எல்லோர் முகமும் மாறும். கிணறு கெட்டுப்போகுமோ, பூமரம் கருகுமோ, கோழி குடித்துச் செத்துவிடுமோ என்று கேட்பார்கள். கிணற்றைப் பொலித்தீனால் மூடுவோம், கோழியை அடைத்து வையுங்கள், மரங்களை அடிக்க முன்னும் பின்னும் தண்ணீரால் நனைப்போம், அப்படியும் சில இலைகள் பழுக்கலாம் என்று உள்ளதைச் சொல்வேன்.

கடலைப் பார்த்தபடி நின்ற அந்த வீடு, வெயிலிலும் நிழலுக்குள் நிற்பதுபோல் கறுத்திருந்தது. வீட்டுக்காரி என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். இந்தியாவில் அகதி முகாமில் நெடுங்காலம் இருந்துவிட்டு மகளோடு திரும்பியிருந்தார். மகளுக்குக் கலியாணம் முற்றாகி, மாதா கோயில் பூசையில் அந்த அறிவித்தல் ஓலையை வாசிக்கத் தொடங்கியாயிற்று. கலியாணத்துக்குள் சுவர் வெளுக்க வேண்டும்.

வழக்கமான கேள்விகளையெல்லாம் கேட்டார். நானும் சொன்னேன். அதன் பிறகும் அவர் போகவில்லை. கிணற்றுக்கட்டைத் தடவிக்கொண்டே நின்றார்.

"தங்கச்சி, மணம் எப்பிடி இருக்கும்?"

"கொஞ்சம் கடுமைதான் அக்கா. பின்னேரத்துக்குள்ள போயிடும்."

முகாமில் தினமும் விடியற்காலையில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் சாக்கடைக் கான் ஓரத்திலும் குளோரின் தூளைத்தான் தூவுவார்களாம். அந்த மணத்துக்குள்தான் மகள் பிறந்தாள். அந்த மணத்துக்குள்தான் அவருடைய கணவர் கண்ணை மூடினார்.

"அது திரும்ப வந்தா, நான் வீட்டுக்கு வந்து சேந்ததே கனவாப் போயிடுமோ எண்டு பயமாக் கிடக்கு."

இதை அப்படியே கணவரிடம் போய்ச் சொன்னேன். அவர் பின்சுவரில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். பாசி அசையவில்லை. விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும், அந்த நேரம் அடித்தால் மணம் அதோடு போய்விடும் என்றார். அக்காவும் ஓமென்றார்.

மறுநாள் வானம் வெளுக்கும்போது தொடங்கினோம். நானும் அக்காவும் கடலுக்கு எதிர்ப்புறம், ஒழுங்கைப் பக்கம் பூவரசுக்குக் கீழே கதிரை போட்டு இருந்தோம். மருந்துத் துமி பனிப்புகார்போலச் சுவரைவிட்டுக் கிளம்பிக் கடலுக்கு மேலே போய்க் கரைந்தது. வேலிக்கு அப்பால் ஒரு கழுதை நின்றபடியே தூங்கியது. எங்களுக்கும் கண் சொருகியது.

பிறகு காற்று நின்றது.

மணம் மெல்ல எங்களிடம் வந்தது. அக்கா என் கையைப் பிடித்துக் கண்ணை மூடினார். நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ கண்ணைத் திறக்காமலே பேசத் தொடங்கினார். முகாமில் இந்த மணம் வரும்போதெல்லாம் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு இந்த வீட்டுக்குள் நடப்பாராம். எந்த அறையில் எந்த யன்னல், எந்தக் கதவு இறுக்கம் என்று மகளுக்குச் சொல்வாராம். வெளிச்சுவர் நீலம் என்றும் சொல்லியிருந்தார். வந்து பார்த்தால் எல்லாம் கறுப்பு. நீலமும் தான் கண்ட கனவோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மெசின் சத்தம் ஓய்ந்தபோது மகள் கூப்பிட்டாள். "அம்மா, இங்க வாங்களேன்."

பாசி கரைந்து மணலில் ஓடிக்கொண்டிருந்தது. அது விட்டுப்போன இடத்தில் மெல்லிய நீலம். அந்த நேரத்துக் கடலைப் பார்த்தபடி அதே நிறத்தில் சுவர் நின்றது. அக்கா ஈரத்தில் உள்ளங்கையை வைத்தார். பிறகு கையை முகர்ந்து பார்த்தார். மணம் இன்னும் இருந்திருக்கும்.

"இஞ்சைதான் நிக்கிறன்," என்றார், யாருக்கும் சொல்லாததுபோல.

அவருடைய கத்தரிச் செடிகளில் சில இலைகள் கருகித்தான் போயின. அதை நானே காட்டினேன். அவர் அவற்றைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

மகள் மட்டும் சுவரடியில் நின்றாள். "இந்தக் கலர் காஞ்சாலும் இப்படியே இருக்குமா அக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

காய்ந்தால் கொஞ்சம் வெளிறும் என்றேன்.