கம்பளி போர்த்திய சோற்றுப் பானை

பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்ததும் எழுந்த சால்னா வாடை, அன்றும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான ‘லயத்தில்’ எங்கள் வீட்டின் ஈரச் சுவர்களில் போய் ஒட்டிக்கொண்டபோதுதான், நாமே சமைத்தால் என்ன என்று எனக்குப் பொறி தட்டியது. அப்போது எட்டாம் வகுப்பு. வயிற்று ஆபரேஷனுக்காக அம்மா தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சித்தி அங்கே அவளுக்குத் துணைக்கு இருந்தாள். பீர்மேட்டில் தேயிலை ஃபேக்டரி வேலை பார்த்த அப்பாவுக்கு வெந்நீர் போடுவதைத் தாண்டி எதுவும் தெரியாது.

“இனி தோது வராதுடா. போடியில அத்தை வீட்டுல கொண்டு விட்டுர்றேன். அங்கன பள்ளிக்கூடம் போ,” என்றார் அவர். மிச்சப் பரோட்டாவைப் பொட்டலத்திலேயே மடித்து வைத்தேன். நானும் போய், வீடும் பூட்டிக் கிடந்தால், அம்மா எங்கே திரும்பி வருவாள்?

மறுநாளே அடுப்பை மூட்டினேன். இருந்தது ரேஷன் கடைச் சிவப்பு ‘மட்டை’ அரிசி. கம்பத்திலிருந்து வரும் வெள்ளை அரிசிக்கு அம்மா வைக்கும் தண்ணீரையே இதற்கும் வைத்து, அவசரமாக இறக்கினேன். அப்பா மென்றார், மென்றுகொண்டே இருந்தார். “பல்லு நல்லாத்தான் இருக்கு எனக்கு,” என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

மட்டை வேக நேரம் பிடிக்கும், பள்ளிக்கூடமோ காத்திருக்காது. மலைக்குளிரில் தோசைமாவு புளிக்காது என்று, கொழுந்து பறிக்கையில் போர்த்தும் கம்பளியை மாவுச் சட்டிக்குச் சுற்றி வைப்பாள் அம்மா. மாவுக்குச் சூடு காப்பது சோற்றுக்குக் காக்காதா? நிறையத் தண்ணீரில் அரிசியைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடியை இறுக்கி, கம்பளியால் சுற்றி மூலையில் வைத்துவிட்டு ஓடினேன்.

சாயங்காலம் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மாரியக்கா, “ஏலேய், பானைக்குக் காய்ச்சலா? சுக்குத்தண்ணி குடுத்தியா?” என்று சிரித்தாள். கம்பளியைப் பிரித்தேன். சோறு மலர்ந்து கிடந்தது. சிரிப்பை விட்டு ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தவள், “வெந்துருச்சுடா,” என்றாள்.

வடித்த சோற்றோடு தேங்காய்த் துவையல். அப்பா இரண்டாம் தடவையும் தட்டை நீட்டினார். கை கழுவியதும் வாசலில் நின்று, போனில் அத்தையிடம், “பய வரலக்கா. இங்கனயே இருக்கட்டும்,” என்றார்.

அம்மா வந்தாள், பாதி உடம்பாக. நான் போட்ட சோற்றை நெடுநேரம் பிசைந்துகொண்டிருந்தவள், “இனி நான் இல்லாட்டியும் ஒங்க வயிறு காயாதுல்ல,” என்றாள். அவள் வந்து சேர்வதற்காக நான் மூட்டிய அடுப்பில், அவள் புறப்பட்டுப் போவதற்கான நிம்மதியைக் கண்டுகொண்டாள். அடுத்த மழைக்காலம் முடியும்வரைகூட இருக்கவில்லை.

இன்று அந்த லயத்தின் தகரக் கூரையைக் கழற்றிவிட்டார்கள். எனக்குச் சித்தூரில் வேலை, அப்பாவும் என்னோடுதான். அம்மாவின் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை எப்படியாவது பிடித்துவிட வேண்டுமென்று வாராவாரம் வைத்துப் பார்க்கிறேன். “இன்னைக்கும் கருவாடுங்களா தம்பி? தெருவே மணக்குதுங்க,” என்கிறார் வீட்டுக்காரம்மா. அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் சாப்பிடுகிறார். “உப்பு சரி, புளி சரி. என்னமோ ஒண்ணு கொறையுதுடா.” அந்தக் கைப்பக்குவம் இப்போது அவருடைய நாக்கில் மட்டும்தான் மிச்சமிருக்கிறது. வரும் ஞாயிறு, வெந்தயத்தைத் தாளிப்பில் போடாமல் வறுத்துப் பொடித்துக் கடைசியில் தூவிப் பார்க்கப் போகிறேன்.