பெயரைப் போடச் சொன்ன அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிவிட்டது. அவரைப் பற்றி உறவுக்குள் பலவிதமாகப் பேசப்பட்டதால், நடந்ததை நடந்தபடி இந்த நினைவு மலரில் எழுதுவது தங்கையான என் கடமை என்று நினைக்கிறேன்.

அக்கா பிறந்தது சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில், எங்கள் தந்தையார் பால் வியாபாரம் செய்த வீட்டில். ஜப்பானியர் காலத்தில் தாயாரை இழந்தோம். அதன்பின் என்னை வளர்த்தவர் அக்காதான். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அத்தானுக்கு அவரைக் கோயிலில் வைத்து மணம் முடித்தார்கள். ஒரு மகள் பிறந்தாள்.

மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய சமயத்தில், அத்தான் இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டி அதே வீட்டுக்கு அழைத்து வந்தார். அக்கா கோயில் பெரியவர்களிடம் போனார். வக்கீலிடமும் போனார். "சட்டத்துல தடை இல்லம்மா" என்றே எல்லாரும் சொன்னார்கள்.

அப்போது ஒரு தமிழ்ப் பத்திரிகை இந்த வழக்கத்தை எதிர்த்து எழுதிவந்தது. பெயர் குறிப்பிடாமல் வந்த செய்திகளை "எல்லாம் கட்டுக்கதை" என்று பலர் மறுத்து எழுதினார்கள். அதன் நிருபர் எங்கள் தெருவில் விசாரித்துக்கொண்டு வந்தபோது, அக்கா ஒருவர்தான் உட்காரச் சொல்லிப் பேசினார்.

"பேரை மாத்திப் போட்டுக்கலாம்க்கா. படமும் வேணாம்" என்றார் அவர்.

"பேரில்லாத பொம்பளைக்கு யாரு தம்பி சட்டம் போடுவாங்க? என் பேரையே போடுங்க" என்றார் அக்கா.

படத்தோடு செய்தி வந்தது. சிராங்கூன் சாலைக் கடைகளில் உரக்கப் படித்தார்கள். ஆங்கிலப் பத்திரிகையும் எடுத்துப் போட்டது. வானொலியில் விவாதித்தார்கள். மாதர் கூட்டங்களில் அக்காவின் படத்தைத் தூக்கிக் காட்டிப் பேசினார்கள்.

"ஊரே சிரிக்கும்படி பண்ணிட்டே. இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அத்தான் இளைய மனைவியோடு வேறு வீட்டுக்குப் போய்விட்டார். உறவினர் பலரும் அவர் பக்கமே போனார்கள். அக்கா ஒரு பள்ளியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தார்.

சில ஆண்டுகளில் சட்டம் வந்தேவிட்டது. நிருபர் ஓடி வந்தார்.

"ஜெயிச்சிட்டோம்க்கா! இனிமே ஒருத்தி இருக்கறப்ப இன்னொருத்தியக் கட்ட முடியாது."

"அப்ப இவரு?"

அவர் தலைகுனிந்தார். "இனிமே நடக்கற கல்யாணத்துக்குத்தான்க்கா. முன்னாடி நடந்தது செல்லும்."

"அப்ப அவளும் சட்டப்படி பொண்டாட்டிதான்" என்றார் அக்கா. பிறகு, "காப்பி ஆறுது, குடிங்க தம்பி" என்றார்.

மகளுக்கு வந்த வரன், "பத்திரிகையில சிரிப்பாச் சிரிச்ச குடும்பம்" என்று தட்டிப்போனது. அதற்குமேல் அக்கா வரன் தேடவில்லை. வயிற்றில் கட்டி வந்து அக்கா படுத்தபோது, அவரையும் மகளையும் குவீன்ஸ்டவுனில் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

"பேரைப் போடாம இருந்திருக்கலாமாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போடாட்டியும் அவரு போயிருப்பாரு. போட்டதுனால எனக்கு ஒண்ணும் வரல. அவ்வளவுதான்."

அக்கா இறந்த அன்று, அவர் செய்ததைப் பற்றி நான்கு வரி போடச் சொல்லி அந்தப் பத்திரிகைக்குப் போனேன். பழைய நிருபர் அங்கே இல்லை. "இப்ப இது செய்தி இல்லீங்க. மரண அறிவிப்பா வேணும்னா கொடுங்க" என்றார்கள். இந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் இன்று வாழும் பெண்களில் எத்தனை பேருக்கு அக்காவைத் தெரியும்?

கணவர் என்ற உரிமையோடு அத்தான் வந்தார். இளையவரின் மகன் கொள்ளி வைத்தான். பெற்ற மகள் ஒதுங்கி நின்று பார்த்தாள்.

கடைசி மாதங்களில் தினமும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டுச் சீன அம்மாவுக்கும், முகம் சுளிக்காமல் கவனித்த தாதியருக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய எங்கள் அடுக்குமாடி புளோக் மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வந்திருந்து துயரம் பகிர்ந்த உறவினர்கள் மிகச் சிலர், அவர்களுக்கும் நன்றி.

வராதவர்களுக்கும் இந்த மலரை அனுப்பியிருக்கிறோம்.